மூன்று நீளம் குறைந்த குழாய்

நீரைச் சடையில் தாங்கி, நெருப்பைக் கையில் ஏந்தி, ஒன்று மற்றொன்றை அழித்துவிடாதபடி நடுவில் நின்று ஆடுகின்ற ஐயனின் எடுத்த திருவடியை முதற்கண் வணங்குகிறேன். ஆனைமுகத்து மூத்த பிள்ளை இந்த எளிய எழுத்துக்கு இடையூறு வராமற் காப்பாராக.

இன்று ஆனி உத்தரம். அம்பலவாணருக்குத் திருமுழுக்கு நடைபெறும் நன்னாள். விடியற்காலையில் கோயிலுக்குப் போய் அபிடேகம் கண்டு, திருநீறு அணிந்து, வீடு திரும்பியதும் இந்தத் தாளை எடுத்தேன். தீயேந்திய கையின்மேல் குடம் குடமாக நீர் வழிந்தபோது எனக்கு ஒருத்தியின் நினைவு வந்தது. கும்பிட்ட கையோடு நின்றபடியே அவளைத்தான் நினைத்தேன், இறைவன் பொறுப்பான். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவளே விரும்பமாட்டாள். "பேரு எதுக்குங்க ஐயா, அளவை எழுதுங்க" என்பாள். என்னிலும் பதினைந்து வயது இளையவள். தங்கையாகக் கருதியமையால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

சபரகமுவ மலைகளின் அடிவாரத்தில் ஒரு சிறு நகரம். அதன் பெயரும் வேண்டாம். அங்குள்ள நகரசபையில் நான் பிரதம இலிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தேன். வடக்கே பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டு அங்கே போய், பலாங்கொடைப் பேருந்துகளின் புகையிலும் ஓயாத மழையிலும் பாதி ஆயுளைக் கழித்தவன். அவள் அதே சபையில் கொள்வனவு இலிகிதர். சபையின் தீயணைப்பு மீட்புப் பிரிவுக்குக் குழாயோ காலணியோ பம்போ ஏணியோ எதை வாங்குவதானாலும் அவள் மேசையில்தான் முதல் எழுத்து விழும். றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்து, படித்து, மேலே வந்தவள்.

அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் கோப்புகள் இருந்தன. அலுமாரியின்மேல் தாளை வைத்து நின்றபடியே எழுதுவாள். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஏதோ நினைவு வந்தாற்போல வெளியே நடந்துவிடுவாள். "பிள்ளை, கொஞ்சம் இரும். ஏன் இப்பிடி அந்தரப்படுறீர்?" என்று நான் கேட்டதுண்டு. "உட்கார்ந்தா மறந்துருதுங்க ஐயா" என்பது பதில்.

வாங்கும் பொருளைத் தன் உடம்பில் சுமந்து பார்க்காமல் அவள் ஒரு தாளிலும் ஒப்பமிடமாட்டாள். அது மட்டுமன்று, விற்க வந்தவரையும் சுமக்க வைப்பாள். சபைக் கட்டடத்தின் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் செங்குத்தான படிக்கட்டு ஒன்று உண்டு. தீயணைப்புக் குழாய்க்கு விலை கொடுக்க வந்த எவரும் நனைத்த குழாய்ச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏற வேண்டும். இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத விதி. அதை எழுத்தில் தா என்று கேட்கும் துணிவு எனக்கும் வரவில்லை.

மாவனல்லையிலிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார். நல்ல மனிதர், நல்ல உடம்பு. குழாய்ச் சுருளைப் பார்த்தார், படியைப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் ஹோஸ் விக்கத்தான் வந்த. மூட்ட தூக்க வரல்ல."

"மேல கொண்டுபோயி வச்சிருங்க நானா. அப்புறம் வெலையப் பேசலாம்."

"விழுந்தா?"

"மெதுவா ஏறுங்க. எங்க ஆளுங்களுக்கு மெதுவா ஏற முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

பாதிப் படியில் அவர் சுருளை இறக்கிவிட்டுத் தொப்பியால் விசிறிக்கொண்டார். கீழே நின்ற தீயணைப்பு வீரர்கள் கைதட்டினார்கள். அவரும் சிரித்துவிட்டு, "இத வாங்காதீங்க தங்கச்சி, நானே சொல்றன்" என்றார். மறுமுறை வந்தபோது எடை குறைந்த குழாயைக் கொண்டுவந்து, எவரும் சொல்லாமலேயே தோளில் ஏற்றிக்கொண்டு படியை நோக்கி நடந்தார்.

காலணி வாங்கிய கதை இன்னும் வேடிக்கை. மாதிரிக்கு வந்த நான்கு சோடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே அணிந்தாள். ஆண்களின் அளவு, உள்ளே துணியைத் திணித்துக்கொண்டு, சேலைக்குக் கீழே அந்தக் கறுத்த பூதங்களோடு அலுவலகத்திலும் சந்தையிலும் மழையிலும் நடந்தாள். "அக்கே, மலை ஏறவா போறீங்க?" என்று வீரர்கள் சிங்களத்தில் கேலி செய்வார்கள். "நீங்க ஏறணும்ல, அதுக்குத்தான்" என்று அவர்கள் மொழியிலேயே திருப்பிக் கொடுப்பாள். ஐந்தாம் நாள் ஒரு சோடியின் அடிப்பாகம் வாய் திறந்தது. கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவந்த இளைஞர் கோபமாக, "நீங்க நெருப்பணைக்க வாங்குறீங்களா, கொழுந்து பறிக்க வாங்குறீங்களா?" என்றார். "ரெண்டுக்கும் ஒரே வழுக்கல்தாங்க" என்றாள்.

இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் அவளோடு கூடப் போன ஒரு நாளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோட்டத்துத் தொழிற்சாலைகளில் தீயணைக்கவென்று பழைய நீர்க்குழாய்கள் உண்டு. ஒவ்வொன்றின் வாயும் ஒவ்வொரு அளவு. ஒரு தோட்டத்து வாய்க்கு இன்னொரு தோட்டத்துக் குழாய் பொருந்தாது. எல்லாவற்றையும் எங்கள் வண்டிக் குழாயோடு இணைக்கக்கூடிய பித்தளை இணைப்புகளை வாங்கவேண்டும் என்பது அவள் எண்ணம். ஆகவே மாதிரிப் பித்தளைத் துண்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு தோட்டந்தோறும் திரிந்தாள். ஒருமுறை சபையின் கடிதத்தோடு நானும் போனேன். பேருந்தில் நான் சன்னலோரம் அமர்ந்து மனத்துக்குள் பதிகம் சொல்லிக்கொண்டிருந்தேன். இருக்கை காலியாயிருந்தும் அவள் நின்றுகொண்டு, மலைப்பாதை வளையும் ஒவ்வொரு முடக்கிலும் குனிந்து வெளியே பார்த்து ஏதோ குறித்துக்கொண்டு வந்தாள்.

யுத்த காலம். சந்தி ஒன்றில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் வடக்கின் முகவரி; அவள் பையில் கனத்த பித்தளைத் துண்டுகள்; அவள் குறிப்பேட்டில் பாலங்களின் அகலமும் தொழிற்சாலைகளின் படமும் நீரோடைகளின் வழியும். இதைவிடப் பொருத்தமான சந்தேகத்தை எவரும் திட்டமிட்டுக்கூட உண்டாக்க முடியாது. எனக்குப் பஞ்சாட்சரம்கூட நடுவில் தவறியது.

"இது என்ன?" என்று பித்தளையைக் கையிலெடுத்துக் கேட்டார் இளம் காவலர்.

அவள் பதற்றமேயில்லாமல் சிங்களத்தில், "அதைக் கெட்டியாகப் பிடியுங்கள் தம்பி" என்றாள். மறுபாதியை எடுத்து அவர் கையிலிருந்த பாதியோடு சேர்த்து முறுக்கினாள். இரண்டும் பொருந்தின. "பொருந்தினால் தண்ணீர் போகும். பொருந்தாவிட்டால் உங்கள் வீடு எரியும்போது நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம்." பிறகு சாவடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கே ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லையே. கூரை ஓலையல்லவா?" என்று கேட்டாள்.

இரண்டு மணி நேரம் மழையில் நின்றோம். சபைக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தபின் விட்டார்கள். பேருந்து போய்விட்டது. நடந்து திரும்பும்போது நான் சாவடியையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவளோ, "வாளி எழுதிக் கொடுக்கணும்ங்க ஐயா, அவங்களுக்கும்" என்றாள். அன்றிரவு எனக்குக் காய்ச்சல் வந்ததென்பதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

இந்தத் தவிப்பின் வேரை எனக்குக் காட்டியவர் பழைய தீயணைப்பு வண்டியின் சாரதி. அவள் தட்டெழுத்தாளராகப் புதிதாக வேலைக்கு வந்திருந்த காலம். ஒருநாள் முற்பகல் தோட்டத்திலிருந்து தொலைபேசி வந்தது. மேற்கணக்கில் லயம் எரிகிறது. தோட்டத்தின் மேற்பகுதியை அங்கே மேற்கணக்கு என்பார்கள். அழைப்பை எடுத்தவள் அவள். எரிந்தது அவள் பிறந்த லயம். அண்ணன் குடும்பம் இருக்கும் லயம். சாரதிக்கு வழி தெரியாது. அவள் வண்டியிலேறி வழி காட்டினாள். மூன்றாம் முடக்கில் மதகு, அதாவது ஓடைமேல் போட்ட சிறு பாலம், குறுகல். பெரிய வண்டி அதற்குமேல் போகாது. வண்டி நிறையத் தண்ணீர் இருந்தது. கண்ணெதிரே மேலே புகை எழுந்தது. அவள் இறங்கி ஓடினாள். பீலியிலிருந்து, அதாவது லயத்தின் பின்னால் மூங்கில் வழியே நீர் கொட்டும் இடத்திலிருந்து, பெண்கள் வரிசையாக நின்று குடம் மாற்றிக் கொடுத்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. நான்கு அறைகள் கரியாயின. "அன்று திரும்பி வரும்போது அவள் அழவில்லை ஐயா," என்றார் சாரதி. "மதகு எத்தனை அடி என்று மட்டும் என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை."

அதன்பின் அவள் கொள்வனவுப் பிரிவுக்குத் தானே கேட்டு மாறினாள். அவள் வாழ்வில் வேண்டியதெல்லாம் ஒன்றே: மேற்கணக்கு லயத்துக்குத் தண்ணீர் எட்ட வேண்டும். அதைச் சொல்லிக் கேட்டால் எந்தச் சபையும் கொடுக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே சுற்றுவட்டாரம் முழுவதற்கும் ஒரு கொள்வனவுத் திட்டம் வரைந்தாள். மற்றவர்கள் திட்டமென்றால் வாங்கவேண்டிய பொருள்களைப் பட்டியலிடுவார்கள். அவள் இடங்களைப் பட்டியலிட்டாள். இருபத்தெட்டு லயங்கள், ஒவ்வொன்றுக்கும் வண்டி எதுவரை போகும், நீர் எங்கே இருக்கிறது, நீரிலிருந்து கடைசி அறைவரை எத்தனை நீளக் குழாய் வேண்டும். ஒரு நீளம் என்பது நூறடி. எல்லாவற்றையும் நடந்து அளந்தாள். அளந்த பிறகே எதை வாங்குவதென்று எழுதினாள்: குறுகிய மதகில் போகக்கூடிய சிறு வண்டி ஒன்று, கழற்றி இருவர் தூக்கக்கூடிய பம்பு ஒன்று, பன்னிரண்டு நீளக் குழாய்.

"மலையில தண்ணிக்கா பஞ்சம்? நெருப்புக்கிட்ட கொண்டுபோறதுக்குத்தாங்க பஞ்சம்" என்பாள்.

சபைத் தலைவருக்கு வேறு ஆசை. அவர் தீயவரல்லர், கலகலப்பானவர், ஊரை நேசித்தவர். பெரிய சிவப்பு வண்டி, உயர்ந்த ஏணி, புத்தாண்டு ஊர்வலத்தில் முன்னால் மணியடித்துக்கொண்டு போகவேண்டும். "மக்கள் கண்ணால் காணவேண்டாமா?" என்பார் சிங்களத்தில். அவள் வாதாடவில்லை. அவரை அவருடைய ஜீப்பிலேயே மூன்றாம் முடக்குக்கு அழைத்துப்போய், மதகின் நடுவில் நிறுத்தி, நாடாவின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். கீழே பள்ளம்.

"நான் விழுந்தால் என்னைத் தூக்க உன் திட்டத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார் தலைவர்.

"கயிறு எழுதியிருக்கிறேன். பக்கம் ஒன்பது" என்றாள்.

அவர் உரக்கச் சிரித்தார். சிறு வண்டிக்கு இணங்கினார். ஆனால் இணங்கியது அந்த ஓர் ஆண்டுக்குத்தான். இந்த முறை தவறினால் அடுத்தது பெரிய வண்டியே என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். விலைமனுக்கள் கோரப்பட்டன, வந்தன, திறக்கப்பட்டன. திங்கட்கிழமை கொள்வனவுக் குழு கூடி முடிவெடுக்க வேண்டும். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை, குழுவுக்கு வைக்கவேண்டிய பட்டியலை நான் நல்ல பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு லயத்துக்கும் நேரே, நடந்த நாளும் காலடிக் கணக்கும் இருந்தன. ஒன்றுக்கு நேரே மட்டும் 'தெரியும்' என்று ஒரு சொல். அடுத்து 'ஒன்பது நீளம்'. மேற்கணக்கு லயம்.

எங்கள் பெரியோர் தலங்களை இருவகையாகப் பிரிப்பர். நாயன்மார் தனிப் பதிகம் பாடியவை பாடல் பெற்ற தலங்கள். வேறோர் ஊரைப் பாடும்போது பெயர் மட்டும் வந்து போனவை வைப்புத்தலங்கள். அவள் பட்டியலில் பிறந்த இடமே வைப்புத்தலமாக இருப்பதைக் கண்டு, முதலில் எனக்கு அது அழகாகக்கூடத் தோன்றியது. கேட்காமல் விட்டிருப்பேன். எழுதிய கை நின்றது.

"பிள்ளை, இதை நடந்து பார்க்கேல்லையோ?"

"அதுங்களா?" என்று சிரித்தாள். "நான் குடம் தூக்குன எடம்ங்க ஐயா. நெருப்பு அன்னிக்கும் ஓடுன வழி. கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன்."

"கடைசியாப் பீலிக்குப் போனது எப்ப?"

சிரிப்பு அவள் முகத்திலிருந்து ஒரேயடியாகப் போகவில்லை. மெல்ல மெல்லப் போயிற்று. அவள் கைப்பையை எடுத்தாள். மறுநாள் காலை முதற் பேருந்தில் போவதென்று நானே அவளைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

சனிக்கிழமை நானும் போனேன். அண்ணி, அவளுடைய தமையனின் மனைவி, லயத்தின் முன் விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த விறாந்தையை அங்கே இஸ்தோப்பு என்பார்கள். நம்மவள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவாள், அந்த இஸ்தோப்பில் தேநீர் குடிப்பாள், போய்விடுவாள். முன்புறம் ஒரு தண்ணீர்க் குழாய் போட்டிருந்தார்கள். காலையில் ஒரு மணி நேரம் மெல்லிதாக நீர் வரும், அதனால் பின்பக்கம் போக அவளுக்கு வேலை இருக்கவில்லை. அன்று அவள் தேநீருக்கும் நிற்காமல் நேரே பின்பக்கம் போனாள். போனவள் நின்றுவிட்டாள். பீலி இருந்த இடத்தில் சிவந்த மண்ணும் பாறையும் குவிந்து, அதன்மேல் புல்லும் முளைத்திருந்தது.

"அண்ணி! பீலி எங்க?"

"பீலியா? அது மண்ணு சரிஞ்சப்பவே போயிருச்சே. ஓடை இப்ப அங்கிட்டு, கீழ்ப்பள்ளத்துப் பக்கம் திரும்பி ஓடுது."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"நீ கேக்கலையேடி."

அவள் பள்ளத்துக்கு இறங்கினாள். அட்டை கடிக்க, முள் கிழிக்க, புதிய ஓடையிலிருந்து கடைசி அறைவரை மூன்று தடவை நடந்தாள். பதினைந்து நீளம் வேண்டும். வண்டியில் வரப்போவது பன்னிரண்டு. சபையின் பழைய குழாய்களோ ஒட்டுப்போட்டவை. நகரத்து வண்டிக்கே போதாதவை.

திறந்த விலைமனுவில் ஓர் எண்ணையும் மாற்றக்கூடாது என்பது விதி. மாற்றவேண்டுமானால் எல்லாவற்றையும் இரத்துச்செய்து புதிதாகக் கோரவேண்டும்; அதற்குள் ஆண்டு முடிந்து ஒதுக்கீடு திரும்பிப் போகும்; பின்னர் பெரிய வண்டிதான். திரும்பும் வழியில் நான் உலகியல் அறிந்தவனாகப் பேசினேன்.

"பிள்ளை, இப்ப வாய் திறக்காதையும். வண்டி வந்து சேரட்டும். வாற வருஷம் மூண்டு நீளம் கேட்டு வாங்குவம். ஆருக்கும் தெரியவராது."

"அப்ப அந்தத் தாள்ல 'எட்டும்'னு இருக்குமேங்க ஐயா. நாளைக்கு டெலிபோன் வந்தா, டிரைவர் அதை நம்பித்தானே ஏறுவாரு? பன்னெண்டையும் விரிச்சிட்டு நடுவழியில நிப்பாங்க."

நாளும் பொய்யாமை குறித்துப் பாடும் வாய் என்னுடையது.

திங்கட்கிழமை குழு கூடியது. தலைவர், பொறியியலாளர், கணக்காளர், குறிப்பெழுத நான். அவள் நின்றபடி சிங்களத்தில் சொன்னாள்: இருபத்தேழு இடங்களை நான் நடந்து அளந்தேன், ஒன்றை அளக்கவில்லை, அங்கே மூன்று நீளம் குறைகிறது, பிழை என்னுடையது.

தலைவர் நிமிர்ந்தார். "அப்படியானால் இரத்துச்செய்வோமா? பெரிய வண்டியே..."

"வேண்டாம். இதையே வாங்குங்கள். இருபத்தேழுக்கு எட்டும். ஒன்றுக்கு எட்டாது. எட்டாது என்று எழுதிவிட்டு வாங்குங்கள். சாரதியின் அறையிலும் அதை ஒட்டிவையுங்கள்."

"எட்டாத இடத்தில் யார் இருக்கிறார்கள்?" என்று பொறியியலாளர் கேட்டார்.

"என் அண்ணன்."

தலைவர் விரும்பியிருந்தால் அந்தக் கணத்தில் முழுத் திட்டத்தையும் கவிழ்த்திருக்கலாம். அவள் அதற்கு வேண்டிய கருவியைத் தன் கையாலேயே கொடுத்திருந்தாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், என் பக்கம் திரும்பி, "அவள் சொன்னபடி எழுதும்" என்றார். எழுதினேன். என் முப்பது ஆண்டுக் குறிப்புகளில், வாங்கும் பொருள் எட்டாது என்று எழுதிவைத்த வரி அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு அவள் லயத்துக்குப் போய் அதைத் தன் வாயால் சொன்னாள். எல்லாக் கதவுகளிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். தமையன் தலைகுனிந்துகொண்டார். அண்ணிதான் பேசினாள்.

"நல்லா இருக்கு. ஊருல உள்ள லயத்துக்கெல்லாம் தண்ணி கொண்டு போவாளாம். அண்ணன் வீட்டுக்கு மட்டும் அடுத்த வருசமாம்! எரியிறதும் அடுத்த வருசம் எரியச் சொல்லு."

"அந்த மூணு நீளம் வர்ற வரைக்கும் நானும் இங்கதான் இருக்கப் போறேன் அண்ணி."

"என்னா?"

"குவாட்டர்ஸ விட்டுட்டேன். சாமான் கீழ பஸ் ஸ்டாண்டுல இருக்கு."

"இருக்கிறது பத்தடிக்குப் பன்னெண்டடி ரூமு. எங்கடி படுப்ப?"

"இஸ்தோப்புல."

அண்ணி முறத்தைக் கீழே வைத்தாள். "போயி மொதல்ல மூட்டையத் தூக்கிட்டு வா. மழை வருது" என்றாள்.

அந்த ஓராண்டை நான் எப்படிக் கழித்தேனோ அறியேன். வண்டி வந்தது, தலைவர் அதற்கும் மாலை சூட்டி ஊர்வலத்தில் விட்டார். மேற்கணக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தகரப் பீப்பாய் நிறைய நீர் வைக்கச் சொல்லி, அவள் நாள்தோறும் மூடி திறந்து பார்த்தாள். "இவ வந்ததுல இருந்து அடுப்புப் பத்த வைக்கவே பயமா இருக்குங்க ஐயா" என்று அண்ணி என்னிடம் முறையிட்டாள். விடிகாலையில் மலையிறங்கிப் பேருந்து பிடித்துச் சேற்றுக்காலோடு அலுவலகம் வருவாள். தொலைபேசி மணி அடித்தால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்போம். ஒருநாள் நண்பகலில் மணி அடித்தது, தோட்டம் என்றார்கள். நான் பேனாவை மூடிவிட்டு எழுந்தேன். வேறு தோட்டம், லயத்தின் கடைக்கோடியில் விறகுக் கொட்டில். சிறு வண்டி முடக்குகளெல்லாம் ஏறி, ஓடையிலிருந்து நீர் இறைத்து, லயத்தைத் தீண்டுமுன் அணைத்தது. எவ்வளவு நீளம் சென்றதென்று மட்டும் அவள் கேட்டாள். ஆறு என்றார்கள். அவள் எழுதியதும் ஆறு.

புதிய ஆண்டில் மூன்று நீளமும் வந்தன. அவற்றில் ஒன்றைத் தன் தோளிலேயே சுமந்து மேற்கணக்குக்கு ஏறினாள். ஒரு ஞாயிறு காலை, வீரர்கள் பள்ளத்து ஓடையில் பம்பை இறக்கினார்கள். குழாய் சரிவெங்கும் விரிந்து, லயத்தைச் சுற்றி வந்தது. லயத்தார் அனைவரும் வெளியே நின்றார்கள். பம்பு இரைந்தது. தட்டையாய்க் கிடந்த குழாய் கீழிருந்து மேலாக ஒவ்வொரு நீளமாகப் பருத்துக்கொண்டு வந்தது, பன்னிரண்டாவதைக் கடந்தது, பதினைந்தாவது பருத்தது. நீர் சீறியெழுந்து கடைசி அறையின் தகரத்தில் அறைந்தது.

"அய்யோ, என் மொளகா! ஒரு வாரமாக் காயப் போட்டது!" என்று அண்ணி ஓடினாள். லயமே சிரித்தது. தமையன் மட்டும் நனைந்த சுவரைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குக் கண் கலங்கிற்று. திருச்சிற்றம்பலம் என்றேன். அவளருகில் போய், "பிள்ளை, இனிக் குவாட்டர்ஸுக்கு வரலாந்தானே?" என்று கேட்டேன்.

அவள் நீரைப் பார்க்கவில்லை. லயத்துக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய தேயிலையைப் பிடுங்கிய சரிவில், தோட்டத்தார்க்குத் தனி வீடுகள் கட்டவென்று புதிதாகக் கயிறு பிடித்து அத்திவாரம் வெட்டியிருந்தார்கள். அவற்றிலொன்று அவள் தமையன் பெயருக்கு.

"அதுக்கு எத்தனை நீளம்னு பார்த்துட்டு வந்துர்றேன்ங்க ஐயா" என்று சேலையைத் தூக்கிச் செருகினாள்.

நனைந்த மிளகாய் முறத்தோடு அண்ணி கத்தினாள்: "வீடு இன்னும் கட்டவே இல்லடி! கட்டாத வீடு எரியுமா?"

அவள் அதற்குள் பாதிச் சரிவு ஏறியிருந்தாள். அங்கிருந்தே திரும்பாமல் சொன்னது எங்களுக்குக் கேட்டது:

"கட்டி முடிச்சப்புறம் டெண்டர் போட்டா, ஒரு வருசம் ஆகும் அண்ணி!"

இதை வாசிக்கின்ற ஒவ்வொருவர் இல்லத்திலும் அடுப்பில் தீ குறையாதிருக்க. அது அடுப்பைத் தாண்டாதிருக்க. உங்கள் வாசலுக்கு வழி அகலமாக இருக்க. அழைத்த குரலுக்கு ஆளும், ஆள் கையில் நீரும் தவறாமல் வந்து சேர, அம்பலத்தாடுவான் அருள்க. நீங்களும் உங்கள் மக்களும் நெடிது வாழ்க.